கப்பலேறிய ரிக்கார்டுகள்

இளையராஜாவின் இசைத்தட்டை என்னிடம் முதலில் ஏலத்தில் எடுத்தவருக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. பிரான்சில் லியோன் நகரத்துக்காரர். ஏலம் முடிவதற்கு முன் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். இரண்டாம் பக்கத்து முதல் பாட்டில், பாடுகிறவர் வாய் திறப்பதற்கு முன்னால் டிரம்ஸ் மட்டும் தனியாக எத்தனை விநாடி ஓடுகிறது? என்ன படம், யார் நடித்தது, பாடியது எஸ்.பி.பி.யா ஜேசுதாஸா என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. தட்டைச் சுழலவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுத்து எழுதினேன். நன்றி சொன்னார். வேறு யாரும் நெருங்க முடியாத தொகைக்கு எடுத்துக்கொண்டார்.

ஏன் அப்படிக் கேட்டார் என்பது போகப் போகத்தான் விளங்கியது. இளையராஜா இசையமைத்த 'ஸ்ரீ ராகவேந்திரர்' (1985) படப் பாட்டு ஒன்றின் துண்டை எடுத்து 2003-இல் அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் இசைக்குழுவினர் தங்கள் 'எலிபங்க் தீம்' பாட்டில் சேர்த்திருந்தார்கள். 'தளபதி'யின் மேளக்கட்டை எடுத்து 2007-இல் பாடகி எம்.ஐ.ஏ. தன் 'கலா' தொகுப்பின் முதல் பாட்டை அமைத்திருந்தார். இவற்றைக் கேட்ட ஐரோப்பிய டி.ஜே.க்கள், இன்னும் யார் கையும் படாத துண்டு எந்தத் தட்டில் ஒளிந்திருக்கிறது என்று தேட ஆரம்பித்திருந்தார்கள். தேடல் கடைசியில் மன்னார்குடியில் என் மாமா வீட்டுப் பரணில் வந்து நின்றது.

மாமா மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று தென்னைமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ஊரையே எழுப்பியவர். கேசட் வந்ததும் ரிக்கார்டுப் பெட்டிகள் பரணுக்குப் போய்விட்டன. பிற்பாடு வீட்டை இடித்துக் கட்டியபோது, பழைய பேப்பர்காரர் எடைக்குக்கூட அவற்றை எடுக்க மறுத்துவிட்டார். "மாப்ளே, மெட்ராஸுக்கு எடுத்துட்டுப் போயேன். உன்கிட்டதான் இடம் இருக்கே" என்றார் மாமா. என்னிடம் இருந்தது ஒற்றைப் படுக்கையறை வீடு. இருந்தாலும் மாமா சொல்லைத் தட்ட முடியுமா?

பாசி டாட் காம் என்ற இந்திய ஏலத் தளத்தை 2004-இல் ஈபே வாங்கியிருந்தது. ஈபே இந்தியா என்று பெயர் மாறிய அந்தத் தளத்தில் முதலில் போட்டுப் பார்த்தேன். ஐம்பது ரூபாய்க்கு மேல் யாரும் கேட்கவில்லை. அதே தட்டை அமெரிக்கத் தளத்தில், டாலர் விலையில் போட்டபோதுதான் கேள்விகள் வந்து குவிந்தன. அந்த இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டபோதும் என் வியாபாரம் கலையாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். வாங்குகிறவர்கள் எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார்கள்.

ஏலத்தை ஞாயிறு மாலை கலிபோர்னியா நேரம் ஆறு மணிக்கு முடியும்படி வைப்பேன். அங்கே அது சாப்பாட்டுக்கு முன் கணினி முன்னால் உட்காரும் நேரம். நமக்குத் திங்கள் காலை ஆறரை. அவர்கள் குளிர்காலத்தில் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டால் ஏழரை. காப்பி டம்ளரோடு உட்கார்ந்து பார்ப்பேன். ஆறு நாளாக மூன்று டாலரில் படுத்துக் கிடக்கும் தட்டு, கடைசிப் பத்து விநாடியில் துள்ளி எழுந்து நாற்பதுக்குப் போகும். தன் உச்ச விலை என்ன என்பதைக் கடைசி நொடிவரை மறைத்து வைத்திருந்து சட்டென்று எறிவது அங்கே பழகிப்போன தந்திரம். ஒருமுறை சென்னைக்கு வந்திருந்த மாமா பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்தார். கோயில் வாழைத்தாரையும் தேங்காயையும் ஏலத்தில் எடுத்துப் பழகியவருக்கு மனசு ஒப்பவில்லை. "மூணு தரம் சொல்லாம எப்படிடா முடிப்பான்? இன்னொருத்தன் கேக்கறதுக்கு வாய் திறந்துட்டிருப்பானே!" நியாயமான கேள்விதான். கடிகாரத்துக்கு அந்த நியாயம் தெரியாது.

வெளிநாட்டுக்காரருக்கு விற்பது என்றால் பாதி வேலை கடிதம் எழுதுவதுதான். பொருளை அவர் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. மூர் மார்க்கெட்டில் செய்வது மாதிரி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக் கீறலை எண்ண முடியாது. நான் எழுதுவதுதான் அவருக்குப் பொருள். தட்டுச் சேகரிப்பவர்களிடையே தரம் சொல்ல ஒரு வரிசை உண்டு: மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட். இதில் 'குட்' என்றால் நல்லது என்று அர்த்தமில்லை, கிட்டத்தட்டக் குப்பை. மைக் செட்டில் ஓடிய தட்டு எதுவும் 'வெரி குட்'டைத் தாண்டாது. மாமா கடையில் ஊசியை மாற்றுவது தீபாவளிக்குத் தீபாவளி நடக்கும் காரியம். கனமான பிக்கப் தலை தட்டை உழுது வைத்திருந்தது. ஊசியை வைத்தால் பாட்டுக்கு முன் கடுகு பொரியும் சத்தம்தான் முதலில் கேட்கும்.

அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். விற்கப்போகும் தட்டை இரண்டு பக்கமும் முழுக்கக் கேட்பது, எந்தப் பாட்டில் எங்கே 'டிக்' விழுகிறது, எங்கே ஊசி தாவுகிறது, உறையின் எந்த மூலை மடிந்திருக்கிறது என்று ஒன்று விடாமல் எழுதுவது. குறையைப் பட்டியல் போட்டால் விலை விழும் என்று நண்பர்கள் பயமுறுத்தினார்கள். நான் கண்டது நேர் எதிர். ஹாம்பர்க்காரர் ஒருவர் எழுதினார்: இந்தியாவிலிருந்து வரும் எல்லாத் தட்டும் 'எக்ஸலன்ட்' என்றுதான் விளம்பரத்தில் இருக்கிறது, நீங்கள் ஒருவர்தான் மூன்றாம் பாட்டில் ஊசி தாவும் என்று சொல்கிறீர்கள், ஆகவே மற்ற ஐந்து பாட்டில் தாவாது என்று நம்புகிறேன். பணம் அந்த ஐந்து பாட்டுக்காக வந்தது.

மாமாவின் கடை ரப்பர் ஸ்டாம்ப் எல்லா லேபிளிலும் ஊதாவாகக் குத்தியிருந்தது. பெயின்டில் வரிசை எண் வேறு. இதையும் குறையாகத்தான் பட்டியலில் சேர்த்தேன். உறைகளின் பின்பக்கம் மாமாவின் கையெழுத்தில் குறிப்புகள் இருந்தன: எது சாமி பாட்டு, முதலில் போட வேண்டியது, எது மாப்பிள்ளை அழைப்புக்கு, எது பந்தி நடக்கும்போது, துக்க வரி வருவதால் எதைக் கல்யாண வீட்டில் தொடவே கூடாது. படத்தில் இதைப் பார்த்த ஒசாகாக்காரர் ஒருவர், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். அதற்கப்புறம் பின்பக்கத்தில் எழுத்துள்ள உறைகளை மட்டுமே அவர் கேட்டு வாங்கினார். தட்டு கீறியிருந்தாலும் பரவாயில்லை என்பார். சந்தையில் விலையைக் குறைக்க வேண்டிய ஒன்று அவரிடம் விலையை ஏற்றியது. இதற்கு எந்த விலைப்பட்டியலிலும் இடம் கிடையாது.

லியோன்காரர் ஒருநாள் தான் நிகழ்ச்சி நடத்தும் காணொளியை அனுப்பினார். நெருக்கியடிக்கும் இருட்டு மண்டபத்தில் இளசுகள் ஆடுகிறார்கள். அவர் இரண்டு தட்டுகளைச் சுழலவிட்டு, எங்கள் தட்டின் மேளத் துண்டைக் கையால் முன்னும் பின்னும் தள்ளித் தள்ளித் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார். லேபிளில் ஊதா ஸ்டாம்ப் தெரிகிறது. மாமாவிடம் காட்டினேன். பெருமைப்படுவார் என்று நினைத்தேன். பதறிப்போய்விட்டார். "கையால தள்றானே படுபாவி! ரிக்கார்டு என்னத்துக்கு ஆவும்? ஊசிய மாத்தச் சொல்லி எழுதுடா." எழுதினேன். மாமாவின் அக்கறைக்கு நன்றி சொல்லிவிட்டு, தான் ஊசி மாற்றும் கணக்கை அவர் விவரமாக எழுதியிருந்தார். மாமாவுடையதைவிட எவ்வளவோ ஒழுங்கான கணக்கு. அதை நான் மாமாவிடம் சொல்லவில்லை.

எல்லா நாட்டுக்காரரும் ஒரு கேள்வி கேட்பார்கள்: பீட்டில்ஸ் 78 இருக்கிறதா? மேல்நாடுகளில் 78 சுற்றுத் தட்டு வழக்கொழிந்த பிறகும் இந்தியாவில் மின்சாரமில்லாத ஊர்களுக்காக, கையால் சுற்றும் கிராமபோன்களுக்காக, கல்கத்தா டம்டம் ஆலையில் அவற்றை அச்சிட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்படி 1960-களில் பீட்டில்ஸ் பாட்டும் அரக்குத் தட்டில் வந்தது. இன்று உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் அதற்கு அலைகிறார்கள். மாமாவைக் கேட்டதற்கு, "மன்னார்குடிக் கல்யாணத்துல அதை யாருடா போடச் சொன்னா?" என்றார்.

டொரொன்டோவிலிருந்து வாங்கிய யாழ்ப்பாணத்துக்காரர் வேறு ரகம். அவருக்கு அரிய தட்டு எதுவும் வேண்டாம். இலங்கை வானொலியில் தன் சிறுவயதில் கேட்ட பாட்டுகள் மட்டும் வேண்டும். சாதாரண ஈ.பி. தட்டு, சென்னையில் சல்லிசாகக் கிடைப்பது. அதற்கு அவரும் ஓர் ஐரோப்பியரும் போட்டி போட்டு விலையை எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். ஏலம் நடக்கும்போது ஒரு பக்கத்தாரிடம் மட்டும் "ஐயா, இவ்வளவு வேண்டாம்" என்று சொல்வதும் முறையல்ல. முடிந்த பிறகு, அதே காலத்து வேறு இரண்டு ஈ.பி.களைப் பணம் வாங்காமல் கூட வைத்து அனுப்பினேன். பதில் வந்தது: "அண்ணை, தட்டு பத்திரமா வந்து சேர்ந்திட்டுது. அம்மாக்குப் போட்டுக் காட்டினனான். வலு சந்தோசம்." அதன்பின் அவர் ஏலத்துக்கு வரவில்லை. என்ன வேண்டும் என்று நேரடியாக எழுதுவார். தேடிப் பிடித்து நியாய விலைக்கு அனுப்புவேன். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஒன்று அப்படித்தான் அவரிடம் போனது.

தட்டு உடையாமல் போய்ச் சேர வேண்டுமே, அது தனிக் கலை. எல்.பி.யை உறைக்குள் வைத்தே அனுப்பினால் வழியில் எங்கோ பொத்தென்று போடுவார்கள். தட்டின் விளிம்பு உறையின் தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆகவே தட்டை வெளியே எடுத்து வெள்ளைக் காகித உறையில் போட்டு, அசல் உறைக்குப் பின்னால் வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் நெளி அட்டை, ஒன்றின் கோடு குறுக்கே என்றால் மற்றதன் கோடு நெடுக்கே, அப்போதுதான் வளையாது. 78 என்றால் அரக்கு, கண்ணாடிக்குச் சமம். பெட்டிக்குள் பெட்டி வைக்காமல் அனுப்பக் கூடாது. அதற்கும் மேலே தபாலாபீஸ் வாசலில் காடாத் துணியில் பொதிந்து தைத்துக் கொடுக்கிறவரிடம் தைத்து, முடிச்சில் அரக்கு முத்திரை. துணிப்பொதி தேவையில்லாத காலத்திலும் சிலருக்கு அதையே செய்தேன், அவர்கள் கேட்டதால். அண்ணா சாலை தலைமைத் தபாலாபீஸின் தபால்தலைப் பிரிவில் நல்ல தலைகளாக வாங்கி ஒட்டி அனுப்பச் சொல்வார்கள். ஒரு சிலர் உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பதைப் பற்றித்தான் அதிகம் எழுதினார்கள்.

இவ்வளவு செய்தும் உடைந்தது. பிரிட்டனுக்குப் போன நாகஸ்வரத் தட்டு மூன்று துண்டு. படம் அனுப்பினார். பணத்தைத் திருப்பிவிடுகிறேன், துண்டுகளை எறிந்துவிடுங்கள் என்றேன். அவர் எறியவில்லை. துண்டுகளைச் சேர்த்துப் பொருத்தி ஓடவிட்டு, பதிவு செய்து, வெட்டு விழும் ஒவ்வொரு இடத்தையும் கணினியில் இழைத்துச் சரிசெய்து, ஒலிக்கோப்பாக எனக்கே அனுப்பிவைத்தார்.

உடைவதைவிடக் கொடுமை, எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போவது. பதிவுத் தபால் எண் 'ஐஎன்' என்று முடியும். நம் நாட்டு எல்லைவரை அந்த எண் பேசும். விமானம் ஏறியதும் வாயை மூடிக்கொள்ளும். அந்தப் பக்கத்து அஞ்சல் கையில் எடுத்துப் பதியும்வரை வாரக்கணக்கில் மௌனம். வாங்கியவருக்குப் பதற்றம், முறையீடு போடுவதற்கான கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் முந்திக்கொண்டு எழுதுகிறவர் பிழைப்பார். அனுப்பிய அன்றே ரசீதின் படம், இத்தனை வாரம் ஆகலாம் என்ற வார்த்தை, பாதி வழியில் ஒரு விசாரிப்பு. தெற்கு ஐரோப்பாவுக்குப் போன ஒரு பார்சல் பருவமே மாறியும் சேரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அப்புறம் வந்து சேர்ந்ததாம். அந்த அம்மாள் தானாகவே பணத்தை மறுபடி அனுப்பினார். அதே நிலையில் இன்னொருவர், தட்டு வந்துவிட்டதாகத் தளத்தில் நல்ல சொல் எழுதினாரே தவிரப் பணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் கேட்கவில்லை. 2008-க்குப் பிறகு ஈபேயில் வாங்குகிறவரைப் பற்றி விற்கிறவர் கெட்ட சொல் எழுதவும் வழியில்லை.

பணம் வரும் வழி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2011 மார்ச் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி பேபாலில் வந்த ஏற்றுமதிப் பணத்தை ஏழு நாளுக்குள் வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். அங்கேயே வைத்து எதையும் வாங்க முடியாது. ஒவ்வொரு வரவுக்கும் நோக்கக் குறியீடு. பழக்கமானால் தலைவலி இல்லை.

சுங்கப் படிவம்தான் சங்கடம். சி.என். 22 என்ற சிறு சீட்டில் உள்ளே என்ன, எவ்வளவு பெறும் என்று எழுதி ஒட்ட வேண்டும். "பரிசு என்று எழுதுங்கள், பத்து யூரோ என்று போடுங்கள்" என்பது ஐரோப்பியர் பலரின் வேண்டுகோள். மிக மரியாதையாகக் கேட்பார்கள். மறுத்தேன். பொய் என்பது ஒருபுறமிருக்க, தொலைந்தால் இழப்பீடும் எழுதிய மதிப்பைத் தாண்டாது. மறுத்ததற்காக ஒருவர் என் பட்டியலில் எந்தக் குறையும் காணாமல், "தபால் தாமதம்" என்று மட்டும் முகம் சுளித்தார். 2021 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோவுக்கு உட்பட்ட பொருளுக்கு இருந்த வரிவிலக்கை எடுத்துவிட்டது. 150 யூரோ வரை வரியைத் தளமே பணத்தோடு பிடித்துக்கொள்ளும் முறை வந்தது. பரிசுக் கதைகள் அதோடு குறைந்தன. ஏற்கெனவே வரி கட்டியவர் எதற்குப் பொய் சொல்லச் சொல்வார்?

விற்க மறுத்தவையும் உண்டு. பாரிஸ்காரர் ஒருவர் கோயம்புத்தூர் தாயியின் தட்டு ஏதாவது அகப்படுமா என்று பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தார். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தட்டுக்குப் பாடிய தேவதாசி மரபுப் பாடகி. 1912 வாக்கில் இந்தியா வந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மாரிஸ் டெலாஜ் அவருடைய குரலில் சொக்கிப்போய், அவர் பாடிய தட்டு ஒன்றை வைத்தே 'ராகமாலிகா' என்று பியானோவுக்கு ஒன்று எழுதினார். ஆக, பாரிஸ்காரர்கள் நம் தட்டுக்கு அலைவது இன்று நேற்றுக் கதையல்ல. அந்த வயதுத் தட்டு ஒன்று மூர் மார்க்கெட் வழியாக என் கைக்கு வரவும் செய்தது. ஆனால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது கடந்த கலைப்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. பாட்டைப் பதிவு செய்து கேட்கக் கொடுக்கிறேன், தட்டு இங்கேதான் இருக்கும் என்று எழுதினேன். அவர் அதற்கும் விலை கேட்டார். நான் பணம் வாங்கவில்லை.

2025 ஆகஸ்டில் புதுச் சிக்கல் ஒன்று. 800 டாலர் வரையிலான பொருளுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா எடுத்துவிட, யார் எப்படி வரி வசூலிப்பது என்று தெளிவில்லாததால் 25-ஆம் தேதியிலிருந்து அங்கே தபாலில் பொருள் அனுப்புவதை இந்திய அஞ்சல் துறை நிறுத்திவைத்தது. ஒஹையோவில் என் பழைய வாடிக்கையாளர், ஓய்வுபெற்ற நூலகர், சட்டத்தைப் புரட்டிப் பார்த்து எழுதினார்: அவசரகால அதிகாரத்தில் வரி போடும் சட்டத்திலேயே 1988 திருத்தம் ஒன்று இருக்கிறது, புத்தகம், படம், கிராமபோன் தட்டு முதலியவை அதன் கைக்கு எட்டாது, உங்கள் கவுன்டரில் காட்டுங்கள். அச்செடுத்துக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்த அம்மா முழுதும் பொறுமையாகப் படித்தார். "சார், நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கு. ஆனா ஏத்திட்டுப் போக ஃப்ளைட்காரங்க வரணுமே" என்றார்.

நூலகர் அதற்காக வாங்குவதை நிறுத்தவில்லை. எடுத்து வையுங்கள், வழி திறக்கும்போது சேர்த்து அனுப்பலாம் என்று ஒவ்வொரு வாரமும் ஒன்றிரண்டு எடுத்தார். அக்டோபர் 15-ஆம் தேதி வழி திறந்தபோது அவருடைய கட்டு, சிறு பொட்டலத்துக்கான இரண்டு கிலோ வரம்பைத் தாண்டிவிட்டது. பிரித்துக் கட்டினேன். வரியை இங்கேயே, அனுப்பும்போதே கட்ட வேண்டும் என்பது புது ஏற்பாடு. சுங்க வகைப்பாட்டில் கிராமபோன் தட்டுக்கு 8523 என்ற தலைப்பு எண் இருக்கிறது என்பதை எழுதி எடுத்துக்கொண்டு போகிறேன். மாமா பெட்டிகளில் இன்னும் ஒன்று திறக்காமல் இருக்கிறது. அதில் இருப்பது எல்லாம் கட்சிப் பேச்சு ரிக்கார்டுகள் என்கிறார் மாமா. லியோன்காரருக்கு இது தெரியாது. ஒசாகாக்காரர் உறையின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்.